கொளஞ்சியின் அண்ணன்

கல்வராயன் மலையில் எந்தப் பாறைக்கு என்ன வயது என்று கேட்டால் தெய்வசிகாமணி யோசிக்காமல் சொல்வார். தன் மகளுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும் என்பதை மட்டும் தம்பி கொளஞ்சியிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. அது அவருக்கே தெரிந்திருந்ததுதான் உறுத்தல்.

தியாகதுருகத்துப் பக்கம் கரும்பும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். பெரியவன் படிக்கட்டும், சின்னவன் நிலத்தைப் பார்க்கட்டும் என்று அப்பா அப்போதே பிரித்துவிட்டார். தெய்வசிகாமணி சென்னையில் ஜியாலஜி படித்து அரசு வேலையில் சேர்ந்தார். சேலம், தர்மபுரி, திருநெல்வேலி என்று சுத்தியலும் திசைகாட்டியுமாகக் காடு மலையெல்லாம் அலைந்தார். மனைவி செந்தமிழ்ச்செல்வியும் ஒரே மகள் எழில்மதியும் ஊர் வீட்டில் இருந்தார்கள்.

மாதம் ஒருமுறை வரும்போது பையிலிருந்து மினுங்கும் அப்பிரகக் கல் ஒன்றை எடுத்து மகளிடம் நீட்டுவார். அவள் வாங்கிய கையோடு அதைச் சித்தப்பாவிடம் காட்ட ஓடிவிடுவாள். கொளஞ்சிக்கும் அவன் மனைவி பாப்பாத்திக்கும் பிள்ளையில்லை. எழில்மதியைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவன் கொளஞ்சிதான். அவனை அவள் ‘நீ’ என்பாள். தகப்பனை ‘நீங்க’ என்பாள்.

“மரியாதை குடுத்தா கூடவா குத்தம்?” என்று செந்தமிழ்ச்செல்வி சிரிப்பாள். அவருக்குச் சிரிப்பு வராது.

எண்பத்தேழில் கல்வராயன் மலையில் இரும்புத்தாது ஆய்வு என்றதும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். முகாம் மலைமேல் வெள்ளிமலையில். இனி வாராவாரம் வீட்டுக்கு வரலாம் என்று நினைத்தார். செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. மரங்கள் ரோட்டில் கிடந்தன. பஸ் இல்லை, ஜீப் இறங்க வழியில்லை. கீழே கொளஞ்சியும் ஊராரோடு ரோட்டில் உட்கார்ந்திருந்தான்.

மறியலுக்கு நடுவில் எழில்மதிக்கு அடிவயிற்றில் தாங்க முடியாத வலி வந்தது. பத்தாவது படிக்கிற பெண், புழுவாய்த் துடித்தாள். கொளஞ்சி ரோட்டிலிருந்து ஓடி வந்து, மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அவளைப் படுக்க வைத்தான். அண்ணியையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு ஓட்டினான். குறுக்கே கிடந்த புளியமரத்தை அவனோடு உட்கார்ந்திருந்தவர்களே புரட்டி வழிவிட்டார்கள். குடல்வால் வெடிக்கிற நிலை. அன்றே ஆபரேஷன் ஆயிற்று.

மறுநாள் போலீஸ் வயர்லெஸ்ஸில் சேதி வந்ததும் தெய்வசிகாமணி ஒற்றையடிப் பாதையாக மலையிறங்கினார். பகலெல்லாம் நடந்து ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது செருப்பு அறுந்து கையில் இருந்தது. வார்டு வாசலில் நர்ஸ் நிறுத்தினாள்.

“எழில்மதியைப் பாக்கணும்.”

“அந்தப் பொண்ணா? அதோட அப்பா இப்பதான் டீ வாங்கப் போனாரு. நீங்க யாருங்க, சொந்தமா?”

கட்டிலுக்குக் கீழே செந்தமிழ்ச்செல்வி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழில்மதி விழித்துத்தான் இருந்தாள். நர்ஸ் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கும். அவள் திருத்தவில்லை. மயக்கம் தெளியாத பிள்ளை என்று பிற்பாடு எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ஆறவில்லை.

கொளஞ்சி டீயோடு வந்தான். “வந்துட்டியாண்ணா! பயப்படாத, இனிமே ஒண்ணுமில்லன்னு டாக்டரு சொல்லிட்டாரு.”

கையெடுத்துக் கும்பிட வேண்டிய நேரம். வாய் வேறு பேசியது. “மரத்த வெட்டிப் போட்டு என்ன வரவுடாம பண்ணவனும் நீ. எம்பொண்ண தூக்கிக்கினு வந்து நல்ல பேரு வாங்கனவனும் நீ. நல்லாருக்குதுடா.”

கொளஞ்சி டீயை ஜன்னலில் வைத்தான். “நம்ம பொண்ணு படிப்புக்கும் சேத்துதாண்ணா நான் ரோட்டுல குந்திக்கினு இருந்தேன்.”

“நம்ம பொண்ணு இல்ல. எம்பொண்ணு. நான் பாத்துக்கறேன், நீ வூட்டுக்குப் போ.”

சத்தத்தில் விழித்த செந்தமிழ்ச்செல்வி, “இன்னா பேச்சு பேசறீங்க?” என்று எழுவதற்குள் அவன் போய்விட்டான். எழில்மதி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த மாதமே கள்ளக்குறிச்சியில் வாடகை வீடு பிடித்துக் குடும்பத்தைக் கொண்டுவந்தார். பதவி உயர்வோடு சென்னைக்கு மாற்றல் வந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் அவருக்கு மேலே போனார்கள். அந்த எரிச்சலைக்கூட விழுங்கிக்கொண்டு தினமும் மகளை ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் மலையேறினார். கூடவே உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பார்த்தவர்கள், “இப்படி ஒரு அப்பன் கெடைக்கணுமே” என்றார்கள். தம்பியை ஜெயிக்கத்தான் இத்தனையும் என்பது அவருக்கு மட்டும் தெரியும். எழில்மதியும் அவரோடு நன்றாகப் பேசப் பழகினாள். ஆனாலும் புதிதாக வந்த ஒதுக்கீட்டில் விவசாயக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று, “சித்தப்பாகிட்ட சொல்லணும்பா” என்றாள். கூட்டிக்கொண்டு போனார். உள்ளே போகவில்லை. ரோட்டோரம் ஸ்கூட்டரைப் பிடித்தபடி, வீட்டுக்குள்ளிருந்து வந்த சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

மகளுக்கு வேலை, கல்யாணம், இரண்டு பேரப்பிள்ளைகள். அவர் ஓய்வு பெற்றார். செந்தமிழ்ச்செல்வியும் போய்ச் சேர்ந்தாள். அண்ணனும் தம்பியும் விசேஷங்களில் பார்த்துக்கொண்டார்கள், அளவாகப் பேசினார்கள். அந்த ஆஸ்பத்திரிப் பேச்சைக் கொளஞ்சி ஒருநாளும் எடுத்ததில்லை. அதற்கும் சேர்த்து அவன்மேல் கோபம் வந்தது அவருக்கு.

தெய்வசிகாமணிக்கு எண்பத்திரண்டு வயதானபோது கொளஞ்சி இறந்தான். கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கிய எழில்மதி நடுத்தெருவிலிருந்தே தலைவிரிகோலமாக ஓடி வந்து உடம்பின் மேல் விழுந்தாள். “என்ன வுட்டுட்டுப் போயிட்டியா நீ!” என்று அவள் கதறியதில் ஊரே அழுதது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கும் கண்ணில் நீர் முட்டியது. தம்பிக்காக வந்த நீர்தான். அதற்குள்ளும் பழைய நெருப்பு ஒரு பொறி கனன்றது.

எடுத்துப் போன பிறகு, தலை முழுகி ஈரக் கூந்தலோடு மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவரால் அடக்க முடியவில்லை.

“எனக்கும் இப்படி அழுவியாம்மா?”

எழில்மதி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். முகத்தில் கோபம் வந்து, பிறகு தணிந்தது.

“சாவு வூட்ல ஒக்காந்துக்கினு கேக்கற கேள்வியாப்பா இது? காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல. எழுந்திரிங்க.”

கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த சோற்றைப் போட்டு ரசம் ஊற்றினாள். தானே பிசைந்து கொடுத்தாள். அவர் மெதுவாகச் சாப்பிட்டார். தட்டு காலியாகும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.