இரண்டு விரல் இடைவெளி

குனிவதற்கு முன் ஒரு தடவை, நிமிர்ந்த பின் ஒரு தடவை, "ஏலாமக் கிடக்கு" என்கிறார் வின்சன்ட். இரண்டுக்கும் நடுவில் வேலை முடிந்துவிடுகிறது. காலை ஆறேகால் மணி. லாசால் என்ற குளிர் ஊரில், அவருடைய கீழ்த்தள வீட்டின் தெற்குச் சுவரோரம் அடியில்லாத மூன்று பலகைப் பெட்டிகள் மண்ணில் பதிந்து கிடக்கின்றன. மேலே மூடியாக யாரோ வீட்டின் பழைய யன்னல். மூடியைத் தூக்கிக் கீரையைத் தொட்டுப் பார்த்து மறுபடி மூடுகிறார். பக்கத்தில், அடி வெட்டிய ஆறு பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்க் கான்கள் செடிகளின் மேல் கவிழ்ந்து நிற்கின்றன. ஒரு கானுக்கு மட்டும் வாய்மூடி இல்லை. அந்த மூடி நவம்பரில் பனிக்குள் உருண்டு போனது. அடைத்து வைத்த துணியும் காற்றோடு போய்விட, "இதுக்குள்ள கிடக்கிறதுகளை மாதா பாத்துக்கொள்ளட்டும்" என்று விட்டுவிட்டார்.

யன்னலுக்கு அவரிடம் குறைவில்லை. அறுபத்துமூன்று வயதில் அவர் பார்க்கும் வேலையே வீடுகளின் பழைய யன்னல்களை மாற்றும் வேலை. புதியதைப் பொருத்துவது மற்றவர்கள். பழையதைத் தோளில் சுமந்து படியிறங்குவது இவர். கண்ணாடி வெடிக்காததாகப் பார்த்து, முதலாளியிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒவ்வொரு முறையும் "இதோட விடுறன்" என்பார். பதினொரு வருடமாக விடவில்லை.

விடாததற்குக் காரணம் பெரிய வெள்ளிக் கஞ்சி. பங்குக் கோயிலில் இருநூறு பேருக்குக் காய்ச்சும் கஞ்சிக்கு வின்சன்ட் வீட்டுக் கீரைதான் போகும். செப்டம்பரில் விதைத்துப் பனிக்கடியில் உறங்கவிட்டால், மார்ச்சில் வெயில் திரும்பும்போது ஸ்பினாச் கீரை தலைதூக்கும். தெருவெல்லாம் அழுக்குப் பனி குவிந்து கிடக்க, பெட்டிக்குள் மட்டும் பச்சை. புதுவருடத்தில் பங்கு நாட்காட்டி கைக்கு வந்ததும் அவர் முதலில் தேடுவது பெரிய வெள்ளி எப்போது என்பதைத்தான். ஏப்ரல் பின்பாதி என்றால் முகம் மலரும். இந்த வருடம் மூன்றாம் திகதி. "ஆண்டவருக்கும் அவசரம்" என்றார்.

அந்தத் திகதியைவிடப் பெரிய இடி பெப்ரவரியில் விழுந்தது. மனைவி அக்னெஸ் பஸ் தரிப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். சத்திரசிகிச்சை முடிந்து, நடை பழக்கும் மருத்துவமனையில் இது ஏழாவது வாரம். சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பி வருகிறது. தாதிகள் நிறையைக் குறித்துவிட்டுத் தலையாட்டுகிறார்கள். இரவுச் சட்டைக்குள் துருத்தித் தெரியும் தோளெலும்பைப் பார்த்து வின்சன்ட் பயந்துபோயிருக்கிறார். போன ஞாயிறு அக்னெஸ் தானாக வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. "பெரிய வெள்ளிக் கஞ்சி கொண்டு வாங்கோ. எங்கட கீரை போட்டதெண்டால் குடிப்பன்."

பெயர் வின்சன்டுக்கு, பெட்டிகளைக் காத்தது அக்னெஸ். காலை பத்து மணிக்கு மூடியைத் தூக்கி ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுப்பார், கான்களின் வாய்மூடிகளைத் திருகிக் கழற்றுவார், நாலு மணிக்கு எல்லாவற்றையும் மூடுவார். "ரெண்டு விரல் திறந்தாக் காணும். ஆனாத் திறக்கோணும்" என்பார். இரண்டு விரல் அகலமான அந்த மரத்துண்டு இப்போது வின்சன்டின் ஜாக்கெட் பையில் கிடக்கிறது. வேலை முடிந்து நேரே மருத்துவமனை, அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வீடு. பகலில் வீட்டில் ஆளில்லை. ஆகவே முழு நாளுக்குமான முடிவை ஆறேகால் மணிக்கே எடுக்க வேண்டும். அந்த நேரத்துக் குளிரில் அவருடைய கை தானாக மூடத்தான் போகும். மன்னாரில் வெந்து வளர்ந்தவருக்கு இந்த ஊரில் வெயிலும் கெடுதல் செய்யும் என்று நம்புவது கடினம்.

செவ்வாய்க்கிழமை காலை பூச்சியத்துக்குக் கீழே எட்டு. மூடியை இறக்கி, மேலே ஒரு பழைய பிளாஸ்டிக் விரிப்பையும் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். பதினொரு மணிக்கு, மூன்றாம் மாடியிலிருந்து யன்னலோடு இறங்கும்போது பிடரியில் வெயில் சுட்டது. வின்சன்ட் படியிலேயே நின்றுவிட்டார். திறந்துவிட வீட்டில் யாரும் இல்லை. தோளில் பாரம், கீழே லொறியில் முதலாளி. அன்று மருத்துவமனைக்குப் போகாமல் ஐந்து மணிக்கு வீட்டுக்கு ஓடிவந்து மூடியைத் தூக்கினபோது அவித்த கீரை மணம் முகத்தில் அடித்தது. மூன்று பெட்டியும் போய்விட்டது. ஐந்து கானும் போய்விட்டது. வாய்மூடி தொலைந்த கானுக்குள் மட்டும் மூன்று செடி தலைநிமிர்ந்து நின்றன. அந்த மூடிக்காக ஐந்து மாதம் புறுபுறுத்த மனிதர் ஈரமண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

புதன்கிழமை ஜான்-டலோன் சந்தையில் இரண்டு பை கீரை வாங்கினார். வெள்ளிக்கிழமை காலை பங்குச் சமையலறையில், கஞ்சி காய்ச்சும் மாக்கிரட் பையைப் பிரித்துப் பார்த்தார்.

"என்னண்ணை, மண்ணே இல்லை?"

"இந்த முறை கடைக்கீரை, பிள்ளை." ஒரு சிறு பொட்டலத்தை நீட்டினார். "இது மட்டும் எங்கட. அக்னெஸுக்கு வேறையாக் காய்ச்சித் தா."

மாக்கிரட் சின்னச் சட்டியை எடுத்துக் கழுவினார்.

பிற்பகல், மருத்துவமனைக் கட்டில். அக்னெஸ் கஞ்சியைக் கிளறி ஓர் இலையைக் கரண்டியில் தூக்கிப் பார்த்தார். "எங்கடதான்" என்றார். இரண்டு வாய் குடித்தபின் நிமிர்ந்தார். "என்னப்பா, ஐஞ்சாறு இலைதான் கிடக்கு?"

பஸ்ஸில் வரும்போதே வின்சன்ட் ஒரு பொய்யைத் தயாரித்து வைத்திருந்தார். அது வாயில் வரவில்லை.

"திறக்காம வேலைக்குப் போட்டன், அக்னெஸ். எல்லாம் அவிஞ்சு போச்சு."

"நீங்களும் ஓராள்தானே, எத்தினையைப் பாப்பியள்" என்றார் அக்னெஸ். பிறகு கிண்ணத்தை வழித்துக் குடித்து முடித்தார்.

மேற்கு வெயில் கண்ணாடி வழியே கட்டிலில் நேராக விழுந்துகொண்டிருந்தது. அக்னெஸின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. "ஏலாமக் கிடக்கு" என்றபடி வின்சன்ட் எழுந்தார். பழைய கட்டடம், மேலே தள்ளித் திறக்கும் யன்னல், கையை விட்டால் விழுந்துவிடும். ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஜாக்கெட் பையிலிருந்த மரத்துண்டை எடுத்து அடியில் முட்டுக் கொடுத்தார்.