தலைகீழாய்த் தொங்கும் தீவு

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு தீவு தலைகீழாகத் தொங்குகிறது. என் மகன் வரைந்தது. கடற்படையில் ஆபீசர் அவன். கப்பல் போகிற தீவையெல்லாம் தண்ணீரில் வர்ணம் கரைத்துத் தாளில் வரைந்து கொண்டுவருவான். நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காதவள். ஆலங்குடியைத் தாண்டிப் போனதும் குறைவு. ஆனாலும் அந்தமான் பக்கம் எந்தத் தீவில் மணல் வெள்ளை, எதில் காடு கடல்வரைக்கும் இறங்கி நிற்கும் என்று கேளுங்கள், சொல்வேன். எல்லாம் அவன் படத்தில் பார்த்ததுதான்.

அவனுக்குத் திருமயத்தில் பெண் பேசினோம். பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருகிற நேரம், அவன் கப்பலில். "நான் இல்லாட்டி என்ன ஆத்தா, படத்தையெல்லாம் மாட்டி வையி. அதுல பாதி நாந்தான்" என்று முன்பே போனில் சொல்லியிருந்தான். அவன் அப்பா ஆணியும் சுத்தியலுமாக ஸ்டூலில் ஏறினார். ஒரு படத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டை. அதில் மேலேயும் தென்னை, கீழேயும் தென்னை.

"இதுல எதுடி மரம், எது தண்ணியில தெரியிறது?"

"தோப்பு வச்சிருக்கது நீங்க. என்னையக் கேக்குறீங்க!"

கடைசியில் அவர் இஷ்டத்துக்கு மாட்டினார்.

வந்தவர்களுக்கு முறுக்கு வைத்தேன். அன்றைக்குப் பார்த்து அது கல்லாகிப் போனது தனிக் கதை. படங்களைப் பார்க்கப் பார்க்கப் பெண்ணின் அப்பாவுக்கு முகம் வாடியது. "இப்புடித் தீவு தீவாச் சுத்துறவருக்குக் குடுத்துட்டு, நாங்க புள்ளைய எங்கிட்டுப் போயிப் பாக்குறதுங்க?" என்றார். பெருமைக்கு மாட்டிய படமே சம்பந்தத்தைக் கெடுத்துவிடும் போலிருந்தது.

அதற்குள் பெண்ணின் சித்தி, படங்களைச் செல்போனில் எடுத்து வீட்டிலிருந்த பெண்ணுக்கு அனுப்பியிருந்தாள். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"சித்தி, அந்த நடுப்படம் தலைகீழா இருக்கு. தண்ணியில தெரியிற மரந்தான் நெளியும். நம்ம கம்மாயில பாத்ததில்லையா?"

கூடமே சிரித்தது. பெண்ணின் அப்பா போனை வாங்கினார். "படம் கெடக்கட்டும்த்தா. ஒனக்குச் சம்மதமா, அதச் சொல்லு."

"தண்ணியவே இம்புட்டுக் கவனிச்சுப் பாக்குறவுக, என்னையக் கவனிக்காமயா விட்ருவாக?"

அவர் முகம் தெளிந்தது. மறுபடி ஸ்டூலில் ஏறப்போன என் வீட்டுக்காரரைத் தடுத்தார். "இருக்கட்டுங்க சம்மந்தி. அவுக ரெண்டு பேரும் வந்து சரியா மாட்டிக்கட்டும்."

கல்யாணம் முடிந்து வந்ததும் என் மகன் படத்தைத் திருப்பக் கை நீட்டினான். அவள் விடவில்லை.

அவன் இப்போதும் கடலில்தான். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அந்த மருமகள். என் பேச்சையெல்லாம் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள். "முறுக்குக் கத எதுக்கு அத்தை?" என்றாள். "எழுது" என்றேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் படத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். காப்பியைக் குடித்துக்கொண்டே, நல்லா இருக்கு என்பார்கள். அவளைத் தவிர இன்றுவரை ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.