கல்யாணப் படங்களில் நாத்தனார்

பக்கத்து ஊரான எடிசனில் இருக்கும் என் நாத்தனாருக்கு என் கணவரைப் பற்றி எல்லாம் தெரியும். எந்தத் துணி அவருக்கு அரிக்கும், எந்தக் காயைத் தட்டிலேயே ஒதுக்குவார் என்று என்னிடமே சொல்லுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் கல்யாண ஆல்பத்திலும் அவள்தான். மாலையும் கழுத்துமாக நாங்கள் இருக்கும் ஒவ்வொரு படத்திலும் அவர் தோளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்பாள்.

அவருக்கு வயிற்றுவலி வந்து ஸ்கேனுக்குப் போன அன்றும் கூடவே வந்துவிட்டாள். உள்ளே ஒருவர் மட்டும் வரலாம் என்றார்கள். நான் முந்திக்கொண்டு விசிட்டர் ஸ்டிக்கரை வாங்கி என் குர்தாவில் ஒட்டிக்கொண்டேன். அவளிடம் கைப்பையைக் கொடுத்து வெளியே உட்கார வைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

நரம்பு வழியாக 'டை' என்ற ஒரு மருந்தைச் செலுத்தினால்தான் படம் தெளிவாக விழும் என்றாள் நர்ஸ். முன்பு எப்போதாவது அது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டாள். வலிக்குக் கொடுத்த மருந்தில் அவர் அரைத் தூக்கத்தில் இருந்தார். அவருக்கு அலர்ஜி எதுவும் கிடையாது என்று நானே சொன்னேன். அவருடைய மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்கள். அதைப் பையில் வைக்க வெளியே போனபோது, நரம்பில் மருந்து ஏற்றப் போவதை நாத்தனாரிடம் சொன்னேன்.

"டை இன்ஜெக்ட் பண்ணப் போறாங்களா?" என்று நாத்தனார் எழுந்துவிட்டாள். "மெட்ராஸ்ல கிட்னி கல்லுக்காக அதப் போட்டப்போ உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு விட முடியாம ஐசியூல வெச்சிருந்தாங்களே. உனக்குத் தெரியாதா?"

"எப்போ?"

"உங்க கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. பொண்ணு வீட்டுக்குத் தெரிய வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க. அப்புறம் யாரும் அதப் பத்திப் பேசவே இல்ல."

உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். நர்ஸ் உடனே நிறுத்திவிட்டு டாக்டரை அழைத்தாள். அன்று மெட்ராஸில் மருந்து ஏறி எவ்வளவு நேரத்தில் மூச்சு திணறியது, என்ன கொடுத்துச் சரிசெய்தார்கள் என்று டாக்டர் என்னைக் கேட்டார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஸ்டிக்கரைப் பிய்த்துக்கொண்டு போய் நாத்தனாரின் ஸ்வெட்டரில் ஒட்டி அவளை உள்ளே அனுப்பினேன்.

கடைசியில் அந்த மருந்து இல்லாமலே ஸ்கேன் எடுக்க முடிவு செய்தார்கள். நாத்தனார் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கல்யாணத்தன்னிக்கு ஹோமப் புகைல திரும்ப மூச்சு திணறிடுமோன்னு எனக்கு ஒரே பயம்" என்றாள். "அதான் அவன் பின்னாடியே நின்னுக்கிட்டிருந்தேன்."

மணவறையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். எனக்குச் சேர வேண்டிய பயத்தையும் அவளே எடுத்துக்கொண்டாள் என்றுதான் எனக்கு வயிறு எரிந்தது.