தொண்டை மைக்கும் வோல்க்மாரின் தீர்ப்பும்

"ஒரு பொருள அசல்னு நான் சொல்லிட்டா, தலையே போனாலும் மாத்திச் சொல்ல மாட்டேன்!"

காசெல் நகரப் பழைய ராணுவ வானொலிக் கருவிச் சேகரிப்பாளர் சங்கத்தின் ஆஸ்தான மதிப்பீட்டாளர் வோல்க்மார் ஹென்ஷ்கே இப்படி முழங்கியபோது, உறுப்பினர்கள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

அவர் கையில் இருந்தது ஒரு தொண்டை மைக். போர்க்காலத்தில் டாங்கி இரைச்சலுக்குள் பேசுவதற்காக ஜெர்மன் வீரர்கள் கழுத்தில் கட்டிக்கொண்டது. தொண்டையின் இருபுறமும் அழுத்தி நிற்கும் அதன் இரு குமிழ்களிலும் தொழிற்சாலையின் மூன்றெழுத்துக் குறி இருந்தது. பூதக்கண்ணாடியில் அதைப் பார்த்து, அசல் என்று தீர்ப்பளித்தார். அதோடு விட்டிருக்கலாம். கழுத்தில் மாட்டியும் காட்டினார். துருப்பிடித்த கொக்கி இறுகிக்கொண்டது.

எண்ணெய் விட்டார்கள், சோப்பு போட்டார்கள். அசையவில்லை. மனைவி குட்ரூன் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"கிட்ட வராத! அசல் பொருள வெட்டக் கூடாதுன்னு சங்க விதி இருக்கு."

"அந்த விதிய எழுதின மகராசன் யாரு?"

"நான்தான்."

"அப்ப அதோடயே படுத்துத் தூங்குங்க."

செயலாளர் ஒட்டோகார் ஆறுதல் சொன்னார்: "போலின்னா இப்பவே வெட்டிடலாம் வோல்க்மார். நீங்கதான் அசல்னுட்டீங்களே!"

வோல்க்மாருக்குப் பிளம் கேக் தொண்டையில் இறங்கவில்லை. முகம் சிவப்பைத் தாண்டிக் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மதிப்பீட்டாளர் எழுந்து கைகழுவும் அறைக் கண்ணாடியின் முன் நின்றார். குமிழில் இருந்த குறியை மறுபடி உற்றுப் பார்த்தார்.

"குட்ரூன்," என்றார், கத்தரிக்கோலோடு பின்னாலேயே வந்த மனைவியிடம், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "நடு எழுத்து கொஞ்சம் சாய்ஞ்ச மாதிரி இருக்கு."

"அதனால?"

"போலிதான். வெட்டு."