இடது மூலையில் இரண்டு எழுத்து

அந்தக் குழந்தைகள் இல்லத்தின் வாசல் கேட்டருகே பத்தொன்பது வருடங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள் கண்டெடுக்கப்பட்டன. கோப்புகள் அப்படித்தான் சொல்கின்றன. அத்தனை குழந்தைகள் உண்மையிலேயே அங்கே கிடந்திருந்தால் வாட்ச்மேன் தடுக்கி விழாமல் டீ குடிக்கப் போயிருக்க முடியாது.

அவ்வளவு கோப்புகளையும் தட்டச்சு செய்தவர் ஒரே ஒரு பெண்மணி. ‘ஃபேர் காப்பி’ என்பது அவருக்கு ஆபீஸில் வைத்த பட்டப்பெயர். ஒரு எழுத்து பிசகினாலும் தாளை உருவிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். தலைவலி என்று பொய் சொல்லி அரை நாள் லீவு கேட்கக்கூட வராது; முகமே காட்டிக்கொடுத்துவிடும். ‘வாசலில் கண்டெடுக்கப்பட்டது, பெற்றோர் யாரெனத் தெரியவில்லை’ என்ற வரியை அடிக்கும்போது மட்டும் விரல் தயங்கியதில்லை.

காரணம் அன்றைய விதி. பெற்றவர் யாரென்று தெரிந்த குழந்தையை வெளிநாட்டுக்குத் தத்து அனுப்ப வேண்டுமானால் அவருடைய கையெழுத்து வேண்டும், அறுபது நாள் காத்திருக்க வேண்டும், அதற்குள் அவர் மனம் மாறினால் திருப்பித் தர வேண்டும். யாருமற்ற குழந்தை இரண்டே வாரத்தில் விமானம் ஏறலாம். நல்ல குடும்பம் காத்திருக்கிறது, ஒரு வரியில் என்ன வந்துவிடப்போகிறது என்பார் இல்லத்தை நடத்திய பெரிய மேடம். அவர் கெட்டவரும் இல்லை. சளி பிடித்த குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கடிதங்களுக்கு வாசகம் சொல்வார். கெட்டவராக இருந்திருந்தால் யாராவது எதிர்த்துப் பேசியிருப்பார்கள்.

குழந்தை வந்த அன்று நர்ஸ் கையால் எழுதிவைத்த தாளை, டைப் ஆனதும் கிழித்துவிட வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. ஃபேர் காப்பி கிழிக்கவில்லை. மனசாட்சி என்று நினைத்துவிடாதீர்கள், சிக்கனம். மிஷினின் உருளை தேயாமலிருக்க, அடிக்கும் தாளுக்குப் பின்னால் இன்னொரு தாள் கொடுப்பது அவர் வழக்கம். அதற்கு நல்ல தாளைப் பாழாக்குவானேன்? ஆக, நர்ஸ் எழுதியது பின்னால், கோப்பில் போவது முன்னால். வேலை முடிந்ததும் பின்தாள் கார்பன் பேப்பர் பெட்டிக்குள் போய்விடும்.

பிறகு விதிகள் மாறின. முதலில் சொந்தக்காரர்களைத் தேடு, அடுத்து உள்நாட்டில் குடும்பம் பார், வெளிநாடு கடைசி வழி என்றார்கள். வளர்ந்துவிட்ட பிள்ளைகள் தங்கள் கோப்பைப் பார்க்கலாம் என்றார்கள். இல்லம் பகல்நேரக் காப்பகமானது. பெரிய மேடம் காலமானார். எந்த அலமாரிக்கு எந்தச் சாவி என்று வேறு யாருக்கும் தெரியாததால் ஃபேர் காப்பி மட்டும் மிஞ்சினார், கூடவே கோப்புகளைக் கவனிக்க வந்த ஓர் இளம் அதிகாரியும்.

அந்த அதிகாரியின் மேஜைக்கு எதிரேதான் போன வருடம் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். முப்பத்தொரு வயது, வெளிநாட்டில் வளர்ந்தவள், நம் பேச்சு தெரியாது. அதிகாரிதான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள். வந்தவள் தன் கோப்பின் நகலை விரித்து, இந்தப் பக்கத்தில் மனித வாடை உள்ளது இது ஒன்றுதான் என்று இடது மூலையைக் காட்டினாள். அங்கே இரண்டு சின்ன எழுத்துகள். அதே இரண்டு எழுத்தும் அவள் கழுத்துச் சங்கிலியில் வெள்ளியில் தொங்கின.

“அக்கா, இது அவங்க அம்மா பேரோட எழுத்தா இருக்கும்னு நினைக்கிறாங்க. உங்களுக்கு ஏதாச்சும் ஞாபகம் வருதா?” என்று கேட்டாள் அதிகாரி.

கடிதத்தின் மூலையில் டைப் அடித்தவர் தன் பெயரின் எழுத்துகளைப் போடுவது அந்தக் காலத்துப் பழக்கம். கம்ப்யூட்டரில் பிறந்து வளர்ந்த அதிகாரிக்கு அது தெரியாது. தெரியலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

“அது நான்தான்,” என்றார் ஃபேர் காப்பி.

“நீங்களா இவங்க அம்மா?”

“அட, இல்லம்மா. டைப் அடிச்சது நான். மேல இருக்கிற வரி பொய். தெரிஞ்சேதான் அடிச்சேன்.”

அந்த நாலு வாக்கியத்தை மொழிபெயர்க்க அதிகாரிக்கு வெகுநேரம் ஆயிற்று.

கார்பன் பெட்டியைக் குடைந்து உரிய தாளை எடுக்க இரண்டு பிற்பகல்கள் பிடித்தன. தேதி பொருந்தியது, எடையும் பொருந்தியது. தாயின் பெயர், வயது பத்தொன்பது, அவருடைய அக்கா வீட்டு விலாசம். கீழே நர்ஸின் கோணல் எழுத்தில்: ‘வேலை கிடைத்ததும் மூன்று மாதத்தில் வந்து கூட்டிப்போவதாகச் சொன்னார்.’ அதன் மேலேயே, விரலால் தடவினால் தெரிகிற பள்ளங்களாக, ‘பெற்றோர் யாரெனத் தெரியவில்லை.’ இரண்டுக்கும் நடுவே பதினோரு நாள்.

அம்மா திரும்பி வந்தார்களா என்று கேட்டாள் வந்தவள்.

“தெரியாதும்மா. கேட்ல யார் நின்னு என்ன கேட்டாலும் என் மிஷின் சத்தத்துல கேக்காது. எழுந்து போய்ப் பாத்ததும் இல்ல.”

உடனே அந்த விலாசத்துக்குப் போய்விடலாம் என்று ஃபேர் காப்பி செருப்பைக்கூட மாட்டிவிட்டார். அதிகாரி தடுத்தாள். புது விதிப்படி தாய்க்கு முதலில் மூடிய உறையில் ஒரு கடிதம் கையில் சேர வேண்டும். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அன்று அவரை யாரும் கேட்கவில்லை, இன்றாவது கேட்க வேண்டாமா? நியாயம்தான். ஆனால் பதினோரு நாளில் குழந்தையை யாருமற்றதாக்கிய ஆபீஸில் வேலை பார்த்தவருக்கு இப்போது ஐந்து வாரம் பொறுக்கவில்லை. அதிகாரியைத் தினமும் நச்சரித்தார்.

வந்தவள் ஊர் திரும்பும் முன், அந்தச் சங்கிலியைக் கழற்றிவிடச் சொல்லும்படி ஃபேர் காப்பி அதிகாரியின் காதைக் கடித்திருந்தார், கூச்சமாக இருக்கிறதாம். அவளோ பத்து வருடமாகப் போட்டிருக்கிறேன், கழற்றினால் கழுத்து வெறிச்சென்று இருக்கும் என்று சொல்லிவிட்டாள். கோபம் போய்விட்டது என்று மட்டும் சொல்லவில்லை.

காத்திருந்த நாட்களில் ஃபேர் காப்பி பெட்டியிலிருந்த மற்றத் தாள்களையும் பட்டியலிடத் தொடங்கினார். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் இப்போது தன் முழுப் பெயர்.

ஆறாவது வாரம் போன் வந்தது. தாயின் அக்கா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். கடிதம் அவர் வழியாகத் தாயிடம் சேர்ந்திருந்தது. தாய்க்கு இப்போது ஐம்பது வயது, துணி தைக்கும் கம்பெனியில் வேலை. மறுமுனையில் தையல் மிஷின்களின் இரைச்சல். அதற்கு மேலே தாயின் குரல்:

“எந்தத் தேதியில வர்றா? வியாழக்கிழமை மட்டும் வேணாம்னு சொல்லிடுங்க. அன்னிக்கு எங்களுக்கு லீவு தர மாட்டாங்க.”

ஃபேர் காப்பி அப்போதே வெளிநாட்டில் இருக்கும் அந்த மகளுக்குக் கடிதத்தை அடித்தார். ஆறு வரியில் மூன்று பிழை. திருப்பி அடிக்க உட்காராமல், பேனாவால் திருத்தி உறையில் போட்டுக்கொண்டு தபால் ஆபீஸ் மூடுவதற்குள் கிளம்பிவிட்டார்.