சிரிக்கச் சொன்ன காட்சி

எங்கள் அம்மா ஒரு சினிமாவில் நடித்திருக்கிறாள். சொன்னால் யாரும் உடனே நம்புவதில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்தப் படம்?" என்பார்கள். பெயரைச் சொன்னால், "அப்படி ஒரு படம் வந்துச்சா?" என்பார்கள். வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. எங்கள் லயத்தில் மட்டும் அது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்போது நான் நாலாம் வகுப்பு. பள்ளிவாசல் என்கிற மலையூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் குடியிருந்தோம். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். முதல் வீட்டில் தாளித்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் அந்த ஜீப்பில் சினிமாக்காரர்கள் ஏறினார்கள். அன்றோடு மாமாவின் கால் தரையில் படவில்லை. "டைரக்டர் சார் எதுன்னாலும் எங்கிட்டதான் கேக்காரு" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியை எங்கே நிறுத்தலாம் என்பதைத்தான் டைரக்டர் கேட்டாராம். அது பிற்பாடு தெரிந்தது.

படத்தில் கதாநாயகி கொழுந்து எடுக்கிற பெண். அவருக்குப் பின்னால் நின்று கொழுந்து எடுக்க நிஜப் பெண்கள் வேண்டும். மாமா ஆள் திரட்டினார். அம்மாவும் பெரியம்மாவும் முன்வரிசை. மறுநாளே நான் வகுப்பு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன். "ஒங்கம்மா மூஞ்சி தெரியலைன்னா என்னட்டி செய்வ?" என்று ஒருத்தி கேட்டாள். "தெரியும்" என்றேன். என் மானம் மொத்தமும் அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங். கதாநாயகி வந்தார். இடுப்பு தெரிய ஒரு பாவாடை தாவணி, தலை கொள்ளாத மல்லிகை, வெறுங்கால். எங்கள் பெண்கள் வேலைக்குப் போகிற கோலமோ சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, அதன் மேல் பிளாஸ்டிக் படுதா, காலில் முழங்கால் உயரத்துக்கு பூட்ஸ். "இந்தப் புள்ளைய அட்டை கடிக்காதா?" என்று பெரியம்மா நிஜமாகவே கவலைப்பட்டாள். உடை பார்க்கிறவர் வந்து, பின்னால் நிற்பவர்களும் அழகாகத் தெரிய வேண்டும், சட்டையைக் கழற்றுங்கள் என்றார். "கழத்துதேன். குளிருக்கு ஒங்க கோட்டக் குடுங்க" என்றாள் பெரியம்மா. அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் தலைகாட்டவில்லை.

காட்சி இதுதான். செடிகளுக்கு நடுவில் கதாநாயகன் வழிமறித்துத் தாவணியைப் பிடித்து இழுப்பார். கதாநாயகி, "விடு, விடு!" என்று கத்துவார். பின்னாலிருக்கும் பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பாட்டு ஆரம்பிக்கும். எனக்கு அதில் விபரீதமாக ஒன்றும் தோன்றவில்லை. அதுவரை நான் பார்த்த படங்களில் எல்லாம் பெண் கத்தினால் பாட்டு வரும்; பாட்டு வந்துவிட்டால் அவளுக்குச் சம்மதம்.

ஆனால் மலையில் ஒரு வழக்கம் உண்டு. மூடுபனியில் பக்கத்து நிரையில் நிற்பவளே கண்ணுக்குத் தெரியமாட்டாள். அதனால் எவளாவது கத்தினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பன்றியோ, பாம்போ, குடித்துவிட்டு வந்த எவனோ, அதைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, கூவிக்கொண்டே சத்தம் வந்த திசைக்கு ஓடுவார்கள்.

டைரக்டர் "ஆக்‌ஷன்" என்றார். கதாநாயகி, "விடு!" என்று கத்தினார். அடுத்த நொடி அம்மா கூவினாள். மேட்டிலிருந்த அத்தனை பெண்களும் கூவிக்கொண்டு செடிகளைப் பிளந்து இறங்கினார்கள். பெரியம்மா கையில் கொழுந்து வெட்டும் கத்திரி. கதாநாயகன் தாவணியை விட்டுவிட்டு மரமாக நின்றார்.

"கட்! அம்மா, இது லவ் சீன்மா. நீங்க சிரிக்கணும்" என்றார் டைரக்டர்.

"அந்தப் புள்ள விடு விடுன்னு கத்துதே சார்?" என்றாள் அம்மா.

"அது பிடிச்சுப்போய்க் கத்துறது."

"அத அந்தப் புள்ளையே சொல்லட்டும்" என்றாள் பெரியம்மா.

கதாநாயகி குனிந்து தாவணியைச் சரிசெய்துகொண்டிருந்தார். டைரக்டருக்கு முகம் சிவந்தது. முடியாதென்றால் வேறு எஸ்டேட்டிலிருந்து ஆள் வரும் என்றார். மாமா ஓடிவந்தார். "யக்கா, பிரஸ்னம் ஆக்காத. சும்மா பல்லக் காட்டுனா போதும்."

"ஒம் மகளை ஒருத்தன் இழுத்தா காட்டுவியாடா பல்ல?" என்றாள் அம்மா. மாமா ஜீப் பக்கம் நகர்ந்தார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் நேராகக் கதாநாயகியிடம் போய்க் காதில் ஏதோ சொன்னாள். திரும்பி வந்து, "எடுக்கச் சொல்லு" என்றாள். அப்பாடா, ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

இரண்டாவது முறை "விடு!" என்ற சத்தம் வந்ததும் அம்மா முன்னைவிடப் பலமாகக் கூவினாள். கதாநாயகனுக்குத்தான் ஏற்கெனவே அனுபவம் இருக்கிறதே. யாரும் கிட்டே வருமுன்பே எடுத்தார் ஓட்டம். பத்தடி போனதும் மழைத்தண்ணீர் போகிற கானில் விழுந்தார். பெண்கள் கதாநாயகியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அம்மா கேமராவைப் பார்த்து, "சிரிக்கத்தான சார் சொன்னீங்க? இப்ப சிரிக்கோம், எடுத்துக்கோங்க!" என்றாள். சிரித்தார்கள். மலையே சிரித்தது. கதாநாயகி அம்மாவின் தோளில் முகம் புதைத்துக் குலுங்கினார். கேமராக்காரரும் சிரித்தார், ஆனால் கேமராவை நிறுத்தவில்லை.

அதற்குள் பனி இறங்கி எதிரே இருந்த செடிகூட மறைந்துவிட்டது. கதாநாயகன் அன்று சாயங்காலமே ஊருக்குப் போயாக வேண்டும். அவர்களிடம் இருந்தது அந்த ஒரு காட்சிதான்.

படம் வந்தபோது லயமே ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு டவுன் தியேட்டருக்குப் போனது. அந்தக் காட்சிக்கு ஏதோ கோமாளி மியூசிக் போட்டிருந்தார்கள். இருக்கட்டுமே. அம்மாவின் முகம் திரை முழுக்க வந்தது, சட்டையும் தலைத்துண்டுமாக. பெண்கள் பெஞ்சில் ஏறி நின்று விசிலடித்தார்கள். "மறுபடி போடுங்கய்யா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது மாமா. என்னைக் கேட்டவளை மறுநாள் வகுப்பில் தேடிப்பிடித்து, "தெரிஞ்சுச்சாட்டி?" என்றேன். "தெரிஞ்சுச்சு" என்று முனகினாள்.

ஷூட்டிங் நடந்த அன்று சாயங்காலம் அம்மா சட்டையைத் துவைக்க எடுத்தபோது நான் பிடுங்கிக்கொண்டேன். எல்லோரும் சிரித்தபோது கதாநாயகி அம்மாவின் தோளில் முகம் புதைத்துக் குலுங்கினார் அல்லவா, அந்த இடத்தில் கண்மை கரைந்து அப்பியிருந்தது. நிஜ சினிமா மை! "சிரிச்சு முடியாம எங்கம்மா மேலேயே சாஞ்சுட்டாங்க" என்று வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வார்த்தை திருத்தவில்லை. சிரிப்பில் அவ்வளவு மை கரையாது என்பது தெரிய எனக்கு இன்னும் நிறைய வயது ஆக வேண்டியிருந்தது.