டிரான்சிஸ்டருக்கு வைத்த பொட்டு

என் பழைய ஜப்பான் ஆம்ப்ளிபயரின் இடது பக்கம் ஊமையானதும், திண்டுக்கல்லில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜபார் பாயிடம் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்தேன். உள்ளே இருக்கும் நான்கு டிரான்சிஸ்டர்களும் இப்போது எங்கும் தயாராவதில்லை. அவற்றைக் கழற்றிக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டிவிட்டால்? மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து நான்குக்கும் பொட்டு வைத்தேன்.

"சென்னையில பார்ட்ஸ் தேடச் சொல்லிருக்கேண்ணே" என்று பாய் இழுத்துக்கொண்டே போனார். என் சந்தேகம் வலுத்தது. செம்பட்டியில் ஒரு கல்யாணத்தில் ஸ்பீக்கர் கணீரென்று பாடியதும், பாடுவது என் டிரான்சிஸ்டர்தான் என்று பாதிப் பந்தியில் எழுந்துவிட்டேன்.

ஒருவழியாக வரச் சொன்னார். மனைவியோடு போனேன். செல்போன் வெளிச்சத்தில் மூடியின் ஓட்டை வழியாகப் பார்த்தால், ஒரு பொட்டையும் காணோம்.

"பாய், உள்ள இருந்ததெல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

"அம்புட்டும் உங்களோடதுதாண்ணே. கெட்ட பார்ட்ஸுக்குத்தான் நாங்க சிவப்பு வைப்போம். முன்னாடி ரிப்பேர் பாத்த கிறுக்குப்பய எவனோ நாலுக்கும் வச்சிருக்கான். அதை நம்பி ஊரெல்லாம் தேடுனேன். கிடைக்கலன்னு மறுபடி செக் பண்ணா, நாலும் நல்லாருக்கு. போனது பக்கத்துல இருந்த சின்ன கெப்பாசிட்டர். அதான் சிவப்பைத் துடைச்சிட்டேன்."

"மோசமான மெக்கானிக்கா இருப்பான் போல" என்றேன்.

பாயின் பார்வை என் மனைவியின் சிவப்பு நகங்களில் நின்றது. அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பாய் என்னை ஒருமுறை பார்த்தார்.

"செத்த உக்காருங்கண்ணே, டீ சொல்றேன்."

ஆம்ப்ளிபயர் இப்போது இரண்டு பக்கமும் பாடுகிறது. அவர் கேட்காமல் விட்ட கேள்விதான், ஒவ்வொரு டீயிலும் எனக்குக் கேட்கிறது.